பதினோரு பேர்

கிளப்பிலிருந்து ஆள் வந்து வைத்துவிட்டுப் போன படம்.
கண்ணாடிக்குள் பூஞ்சை பூத்திருந்தது.
குன்னூரில் ஐப்பசி மழை பிடித்தால்
சுவரில் மாட்டியவர்களுக்கும் சளி பிடிக்கும்.
"பிரேம் மட்டும் மாத்துங்கம்மா,
உள்ளே கை வைக்காதீங்க" என்று
செயலாளர் போனில் இருமுறை சொன்னார்.

கை வைக்காமல் எப்படிக் கழற்றுவது?

பின்பலகையில் பதினெட்டு ஆணி, எல்லாம் துரு.
குறடால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
மேசைமேல் மல்லாத்தியதும்
பதினோரு துரைகளும் என் டியூப்லைட்டை வெறித்தார்கள்.
பித்தளைத் தகட்டில் பெயர்கள், இடமிருந்து வலம்:
ரயில் வருமுன்பே மலையின் சரிவை அளந்த பென்ஹாலோ,
மழையைக் குழாயில் பிடித்து
பதினாறு வருஷம் எழுதிவைத்த ஸ்ட்ரேக்கர்,
பாறைக்கு வயது சொன்னவர், பாலம் கட்டிய இருவர்,
இன்னும் யார் யாரோ,
கடைசியில் நாற்காலியில்
நடுவட்டத்தில் சின்கோனா நட்ட மக்கில்விரே.

முதலில் உறுத்தியது நிழல்.
பென்ஹாலோவின் மூக்கு நிழல் இடக்கன்னத்தில்,
பக்கத்தில் நிற்பவருக்கு வலக்கன்னத்தில்.
ஒரே புல்தரைக்கு இரண்டு சூரியனா?
விரல்நுனியால் தடவினேன். விளிம்பு தட்டுப்பட்டது.
தனித்தனியே எடுத்து, கத்தரித்து,
பசை தடவி ஒட்டிய ஆட்கள்.
பின்னால் நிற்கும் தொட்டபெட்டா தூரிகை வேலை.
ஒருநாளும் இவர்கள் சேர்ந்து நின்றதில்லை.
பாலம் கட்டிய இருவருக்கும் நடுவே
ஒரு நாற்காலி அகலம் வெற்றிடம்.
ஒட்டியவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.
மழை அளந்தவர் கால்
புல்லுக்கு மேலே அரை அங்குலம் மிதக்கிறது.

சிரித்துக்கொண்டேதான் மவுண்ட் அட்டையை உரித்தேன்.
அதன் வலது ஓரம் மறைத்திருந்த இடத்தில்
மக்கில்விரேயின் தோள்.
தோள்மேல் ஒரு கை.

பக்கத்தில் யாருமில்லை.
மணிக்கட்டோடு நின்றுவிட்ட கை.
நாலு விரல், நகமெல்லாம் கறுப்பு.
அழுக்கில்லை அது.
அந்தக் காலத்துப் பிளேட்டை வெள்ளி மருந்தில் முக்குகிறவன் விரல்
தோல் உரிந்தாலொழிய வெளுக்காது
என்று பழைய கேமரா சேர்க்கும் வாடிக்கையாளர் ஒருவர்
எப்போதோ சொன்னது.

மக்கில்விரேயின் முகம் கலங்கல்.
மீசை இரண்டாகத் தெரிகிறது.
இடது தோளும் புகைபோலத்தான்.
கை இருக்கும் தோள் மட்டும் தெளிவு,
கோட்டின் தையல்கூட எண்ணலாம்.
எண்ணி எட்டு வினாடி அசையக்கூடாது என்றிருப்பார்கள்.
காய்ச்சலுக்கு மரம் நட்டவருக்கு
முறைக்காய்ச்சல்
அன்று முறை தவறாமல் வந்திருக்கிறது.
பல் கிட்டிக்கும் குளிரில்
ஆளை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள்.
அந்த எட்டு வினாடியும்
அவனும் மூச்சு விட்டிருக்க மாட்டான்.
பிறகு அவனை வெட்டினார்கள்.
கையையும் வெட்டினால் துரையின் தோள் போய்விடும்.
விட்டுவிட்டார்கள்.

இப்படித்தான் நடந்ததா, தெரியாது.
எனக்குத் தெரிந்தது கத்தரி.
மணிக்கட்டு அருகே அது தயங்கியிருக்கிறது;
ஒரு வெட்டு உள்ளே போய்
பாதியில் திரும்பியிருக்கிறது.
அந்தப் பிளவில் பழைய பசை, தேன் நிறம்.
சொந்தக் கையைத் தானே வெட்ட உட்கார்ந்தவனோ
என்று ஒரு கணம் தோன்றியது.
குக்கர் விசில் அடித்தது, எழுந்து போனேன்.

புது மவுண்ட் வெட்டும்போது
பழையதை அளவுக்கு வைத்துக்கொண்டேன்.
வலப்பக்கம் மட்டும் முக்கால் அங்குலம் குறைத்தேன்.
பில்லில் அதை எழுதவில்லை.

சனிக்கிழமை செயலாளரே வந்தார்.
கண்ணாடியைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்து
இடமிருந்து வலம்
தலைகளை எண்ணினார்.
பதினொன்று, சரியாக இருந்தது.
ஜிஎஸ்டி சேர்த்தா என்று கேட்டார்.